அச்சுக்கும் மூச்சு உண்டு

வண்டி மூச்சு விடுமா? கேட்டால் சிரிப்பார்கள். கொஞ்சம் வண்டி தெரிந்தவர்கள், "இன்ஜின் காற்று இழுக்குமே, அதுதானே?" என்பார்கள். அது சரிதான். ஆனால் இன்னொரு இடத்திலும் வண்டி மூச்சு விடுகிறது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, அடியில் ஒரு இரும்புப் பானை மாதிரி உப்பிக்கொண்டு இருக்கிறதே, அந்த டிஃபரன்ஷியல். நம் ஊர் டிரைவர்கள் வாயில் அது "கிரவுன்". அதன் தலையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன மூடி. அதுதான் அதன் மூக்கு. பிரீதர் என்று பெயர். எத்தனையோ பேர் பத்து வருஷம் வண்டி ஓட்டியும் அதைக் குனிந்து பார்த்ததில்லை.

சங்கராபுரத்தில் ஒரு பிக்கப் டிரைவர் இருக்கிறார். அவரும் பார்த்ததில்லை, அந்தத் தை மாதம் வரைக்கும்.

நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் அவருடையது. செகண்ட் ஹேண்டில் தவணைக்கு எடுத்தது. சங்கராபுரத்திலிருந்து கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து கரியாலூர், வெள்ளிமலை என்று கல்வராயன் மலைக்கு ஏறுவார். மேலே போகும்போது சிமெண்ட், கம்பி, உரமூட்டை, மளிகை. இறங்கும்போது மரவள்ளிக் கிழங்கு, சில சமயம் கடுக்காய் மூட்டை. மெயின் ரோட்டோடு நின்றுவிட்டால் பெரிய வருமானம் இல்லை. அதை விட்டு விலகி உள்ளே இருக்கிற குக்கிராமங்களுக்குப் போனால்தான் இரண்டு காசு கூடக் கிடைக்கும். ஏனென்றால் அங்கே மற்றவர்கள் வரமாட்டார்கள். நடுவே ஓடை இருக்கும். சில இடத்தில் தரைப்பாலம் இருக்கும், சில இடத்தில் அதுவும் இருக்காது.

அன்றைக்கு ஐப்பசி மழை. சிமெண்ட் ஏற்றிக்கொண்டு மலை ஏறி, ஓடைக்கரைக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கூட வந்த கிளீனர் பையன் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் நின்னு போலாம்ணே" என்றான். "சிமெண்டு நனைஞ்சா யாருடா காசு குடுப்பா, ஏறு" என்று இவர் விட்டார். நடு ஓடையில் ஒரு சக்கரம் கல்லுக்கும் குழிக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பையன் தண்ணீரில் இறங்கிக் கல்லைப் புரட்ட, பத்து நிமிஷம் கழித்து வண்டி ஒரு உறுமலோடு கரையேறியது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிமெண்ட் நனையவில்லை. அன்று இரவு டீக்கடையில் இந்தக் கதையை மூன்று பேரிடம் சொன்னார்.

அதோடு அதை மறந்தும் போனார்.

தை மாதம், கிழங்கு அறுவடை நேரம். சேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்கு லோடு இடைவிடாமல் போகிற சமயம். வண்டி நாற்பது வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து "ஊ...." என்று ஒரு ஊளை. ஆக்சிலரேட்டரை விட்டால் சத்தம் மாறுகிறது, மிதித்தால் திரும்ப வருகிறது. டயர் என்று நினைத்தார், மாற்றிப் பார்த்தார். வீல் பேரிங் என்றார்கள், பார்த்தார்கள், நன்றாக இருந்தது. கடைசியில் ஊரில் ஒரு வயதான மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, கிரவுனின் டிரெயின் பிளக்கைக் கழற்றினார். கறுப்பாக, கந்தக வாடையோடு வர வேண்டிய ஆயில், பால் அதிகம் ஊற்றின டீ மாதிரி வந்தது.

"தம்பி, எந்த ஆத்துல எறக்குன?"

"நான் எங்கண்ணே எறக்கினேன், வேலைக்கே நேரம் இல்ல."

"தை மாசத்துல இல்லடா. மழைக்காலத்துல."

அப்போதுதான் ஐப்பசி ஞாபகத்துக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் பினியன் பேரிங்கில் துருக்குழி. அதனால் பினியன் ஆட்டம் கண்டு, பற்களும் தின்னப்பட்டிருந்தன. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடு ஒன்று பழகிய ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். செலவு ஒரு மாதத் தவணையை விட அதிகம். வண்டி நின்ற நாட்களின் வாடகை தனி. இவருக்கு முதலில் மெக்கானிக் மேலேயே சந்தேகம். "அன்னைக்கே ஒண்ணும் ஆகலையே, மூணு மாசம் கழிச்சு எப்படி?" நியாயமான கேள்வி. அதற்கான பதிலில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

கிரவுன் ஹவுசிங்குக்குள் பாதிக்கும் குறைவாகத்தான் ஆயில் இருக்கும். மிச்சம் காற்று. லோடு ஏற்றி மலை ஏறும்போது பற்கள் ஒன்றோடொன்று அழுத்தித் தேய்வதால் உள்ளே சூடாகிறது. சூடான காற்று விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அப்படி வராமலிருக்கத்தான் தலையில் அந்த ஓட்டை. விரிந்த காற்று அதன் வழியாக வெளியே போய்விடும்.

சூடான அந்த இரும்புப் பானை சட்டென்று குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் மூழ்கினால்? உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். அந்த நேரத்தில் மூக்கு தண்ணீருக்கு வெளியே இருந்தால் காற்றை இழுக்கும், தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். அவ்வளவுதான்.

எவ்வளவு இழுக்கும்? பள்ளிக்கூடத்தில் படித்த சார்லஸ் விதி போதும், கணக்குப் போட்டுவிடலாம். உள்ளே 2 லிட்டர் காற்று இருக்கிறது, 80 டிகிரி செல்சியஸில் இருந்து 30 டிகிரிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் அது 353-லிருந்து 303. காற்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சுருங்கும். 2 லிட்டரில் அது சுமார் 280 மில்லி. ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்! பிரீதர் மூடி வெளியே விடுவதற்காகச் செய்தது. உள்ளே இழுக்கும்போது முழுசாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது, அதுவும் பழைய மூடி என்றால். மூடி இழுக்கவிடாவிட்டால் ஆயில் சீல் வழியாக இழுக்கும். சீல் என்பது உள்ளே இருக்கும் ஆயில் வெளியே போகாமல் இருக்கச் செய்தது. வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வராமல் பார்ப்பது அதன் முதல் வேலை இல்லை.

உள்ளே போன தண்ணீர் அன்றைக்கே ஒன்றும் செய்யாது. வண்டி ஓடும்போது பற்கள் அதையும் ஆயிலையும் சேர்த்துக் கடையும். மோர் கடைவது மாதிரி. அந்தக் கலவைக்கு இரும்புக்கு நடுவே படலமாக நின்று காப்பாற்றும் வலு இல்லை. வண்டி நிற்கும் இரவுகளில் பேரிங்கின் மேல் ஈரம் உட்காரும், துரு பிடிக்கும். துருக்குழியின் மேல் உருளைகள் ஓடும். குழி பெரிதாகும். இதெல்லாம் நடக்க வாரங்கள், மாதங்கள் ஆகும். ஐப்பசியில் குடித்த தண்ணீருக்குத் தையில் ஊளை.

வணிகவியல் பாடத்தில் ஒரு அடிப்படை உண்டு. எந்தக் காலத்து வருமானமோ, அதை ஈட்ட ஆன செலவையும் அந்தக் காலத்துக் கணக்கிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் லாபம் பொய்யாகத் தெரியும். இந்த டிரைவர் ஐப்பசியில் அந்த சிமெண்ட் லோடை லாபம் என்று நோட்டில் எழுதினார். உண்மையில் அது நஷ்டம். பில் வர மூன்று மாதம் ஆனது, அவ்வளவே. தண்ணீர் கையோடு பில் கொடுக்காது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அது இன்னும் ஆபத்து. பிரீதர் மூடி சேற்றால் அடைத்துக்கொண்டால் சூடான காற்று வெளியே போக முடியாது. அப்போது அழுத்தம் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். பல வண்டிகளில் அச்சின் இரு முனையிலும் சீலுக்கு அந்தப் பக்கம் இருப்பது என்ன தெரியுமா? பிரேக் டிரம். பிரேக் ஷூவில் ஆயில் பட்டால் பிரேக் பிடிக்காது. சமவெளியில் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். வெள்ளிமலையிலிருந்து லோடோடு இறங்கும் கொண்டை ஊசி வளைவில்? சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்திருந்தால் சீலை மட்டும் மாற்றிவிட்டு விடக்கூடாது. மேலே மூக்கு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புது சீலும் அதே கதிதான்.

சரி, தீர்வு என்ன? மூக்கைத் தூக்கி உயரத்தில் வைப்பது. வேறொன்றும் இல்லை. அந்த மெக்கானிக் செய்ததும் அதுதான்.

முதலில் மூடியைச் சுற்றிக் கம்பி பிரஷ் போட்டு, காற்றடித்து, மண் எல்லாம் போகச் சுத்தம் செய்தார். இதைச் செய்யாமல் கழற்றினால் மண் நேராக உள்ளே விழும். பிறகு மூடியைக் கழற்றி, அதே மரைக்குப் பொருந்தும் ஒரு பித்தளை நிப்பிளைப் போட்டார். அதில் ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் ரப்பர் குழாயைச் சொருகி, கிளிப் போட்டு இறுக்கினார். டீசலுக்குப் போடும் ஓஸ் போதும். செடிக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் டியூப் கூடாது, அது சூட்டில் குழைந்து, ஆயிலில் ஊறிப்போகும்.

குழாயை பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டாமல், சைலன்சரிடமும் சுழலும் ஷாஃப்டிடமும் போகாமல், சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோனார். அச்சிலிருந்து சேசிஸுக்குத் தாவும் இடத்தில் தாராளமாக வளைவு விட்டார். பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது அச்சு சேசிஸை விட்டு விலகும். குழாய் அளவாக இருந்தால் அங்கேயே பிடுங்கிக்கொள்ளும். எங்கும் மடியாமல், நடுவில் எங்கும் தொங்கிப் பள்ளம் விழாமல், ஏற்றமாகவே கேபின் பின்சுவர் வரை ஏற்றினார். பள்ளம் விழுந்தால் அங்கே ஈரமும் ஆயிலும் தேங்கி அடைத்துக்கொள்ளும். மேலே போனதும் முனையைக் கைப்பிடி மாதிரி வளைத்துக் கீழ்நோக்கி விட்டார், மழைத்தண்ணீர் இறங்காமல். முனையில் தூசி போகாதபடி ஒரு சின்ன ஃபில்டர்.

முன் அச்சுக்கும் இதே வேலை. நான்கு சக்கர வண்டியில் முன்னாலும் ஒரு கிரவுன் உண்டல்லவா? கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனித்தனி மூக்கு உண்டு. அவற்றையும் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்க்கலாமே என்று பையன் கேட்டதற்கு, "தனித்தனியா விட்டா ஒண்ணு அடைச்சாலும் மத்தது மூச்சு விடும்" என்றார். குழாய், கிளிப், நிப்பிள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் டீசல் காசு கூட வரவில்லை.

இது ஏதோ சங்கராபுரத்துக் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் செம்மண் காட்டுக்குள்ளும் ஆறுகளுக்குள்ளும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதற்கென்றே தனி உதிரிபாகத் தொகுப்பு கடையில் கிடைக்கிறது. நம் நாட்டிலும் இப்போது வருகிற காட்டுவழி வண்டிகளில் தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்லிவிடுகிறது. 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டிக்கு 650 மில்லிமீட்டர். 2021-இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர். ஆனால் மலையில் லோடு அடிக்கிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பழைய வண்டி. அதன் ஆழம் எவ்வளவு என்று யாரும் எழுதித் தரவில்லை.

இது மலைக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எத்தனை வண்டிகள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன! 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை கரைபுரண்டது. இப்படித் தண்ணீரில் நின்ற வண்டிக்கு இன்ஜின் ஆயிலை மாற்றுவார்கள், சீட்டைக் காயவைப்பார்கள். கிரவுன் ஆயிலை யார் பார்க்கிறார்கள்?

பார்ப்பது சுலபம். வண்டியை ஒரு இரவு அசையாமல் நிறுத்துங்கள். ஆயிலை விடத் தண்ணீர் கனம் என்பதால் கலக்காமல் இருக்கும் தண்ணீர் அடியில் தங்கும். காலையில் டிரெயின் பிளக்கை முழுசாகக் கழற்றாமல் லேசாகத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீரா ஆயிலா என்று தெரிந்துவிடும். தண்ணீர் வந்தாலோ, ஆயில் வெளுத்திருந்தாலோ யோசிக்காமல் முழு ஆயிலையும் மாற்றிவிட வேண்டும். ஐப்பசியில் இதைச் செய்திருந்தால் நம் டிரைவருக்குச் சில லிட்டர் ஆயிலோடு போயிருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மூக்கைத் தூக்கிவிட்டால் வண்டி படகாகிவிடாது. சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகவும் வரும். இன்ஜினின் மூக்கு அதே பழைய இடத்தில்தான் இருக்கிறது. அதில் தண்ணீர் ஏறினால் பிஸ்டன் அழுத்த முயலும், தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். எல்லாவற்றுக்கும் மேலே, ஓடுகிற தண்ணீரின் வேகம். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் வெள்ளம் சாதாரண காரைத் தள்ளிக்கொண்டு போகும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரிய வண்டியையே இழுத்துவிடும். குழாய் போட்ட தைரியத்தில் முன்பு நின்ற இடத்தில் நிற்காமல் போனால், குழாய் போடாமலே இருந்திருக்கலாம். அது காப்பாற்றுவது கிரவுனைத்தான், உயிரை இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்தச் செலவு உண்மையில் யாருடைய செலவு?

கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்குத் தனி வட்டமும் வந்தது. 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதில் சாலைப் பிரச்சினையும் பேசப்பட்டது. ஓடையின் மேல் ஒரு உயர்மட்டப் பாலம் இல்லாததற்கு ஏதாவது ஒரு கணக்கில் செலவு எழுதப்படுகிறதா? இல்லை. ஆனால் செலவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருவரின் கிரவுனில், இன்னொருவரின் பேரிங்கில், சிமெண்ட் மூட்டைக்குக் கூடக் கொடுக்கும் வாடகையில், வண்டி வராத நாளில் நோயாளியைத் தூக்கி நடக்கும் தோளில். சிதறிக் கிடப்பதால் கூட்டிப் பார்க்க ஆளில்லை. பாலம் வரும் வரை ஒரு முழக் குழாய் அந்தச் செலவில் ஒரு பங்கைக் குறைக்கும். பாலத்துக்குப் பதில் ஆகாது.

அடுத்த ஐப்பசி வந்தது. அதே ஓடை, அதே மழை. இந்த முறை இவர் வண்டியை மேட்டிலேயே நிறுத்தினார். கோடையில் தண்ணீர் வற்றியிருந்தபோது ஓடையோரப் பாறையில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். கோடு தெரியவில்லை. இன்ஜினை அணைத்தார். கூட வந்த பெரியவர் ஒருவர், "அதான் கொழா போட்டிருக்கியே, வுட வேண்டியதுதானே" என்றார்.

"கொழா கிரவுனுக்குத்தான் பெரியப்பா. நமக்கு இல்ல."

ஒன்றரை மணி நேரம் ஆனது. மழை விட்டு, தண்ணீர் இறங்கி, கோடு மெல்ல வெளியே வந்தது. அதற்குள் கிரவுனும் ஆறிவிட்டிருந்தது. இறங்கி, நிதானமாக அக்கரை ஏறினார்கள்.

மறுநாள் காலை சங்கராபுரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து டிரெயின் பிளக்கை ஒரு சுற்றுத் தளர்த்தினார். கறுப்பாக இரண்டு சொட்டு. கந்தக வாடை. விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, பிளக்கை இறுக்கிவிட்டு, டீ குடிக்கப் போனார்.